கணினி கேள்வி – பதில்: ரேம் போதவில்லையா, பழைய மென்பொருளுக்கு எண்ணத் தெரியவில்லையா?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு கேள்விகளையே சுற்றி வருகின்றன. எவ்வளவு ரேம் வேண்டும் என்பது ஒன்று. பழைய மென்பொருள் புதிய கணினியில் ஏன் ஓட மறுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கும் ரேம்தான் மருந்து என்று நம்பி, வாங்கிப் போட்டுவிட்டு ஏமாந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, விண்டோஸ் 98 காலத்தில் வாங்கிய கணக்கு மென்பொருள் ஒன்றைப் புதிய கணினியில் நிறுவ முயன்றேன். ‘போதிய நினைவகம் இல்லை, குறைந்தது 32 எம்பி தேவை’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. இதுவும் போதாதென்றால் இன்னும் எவ்வளவு போட வேண்டும்?

பதில்: தயவுசெய்து ரேம் வாங்கிவிடாதீர்கள். 64 ஜிபி போட்டாலும் இதே செய்திதான் வரும். உங்கள் கணினியில் ரேம் அளவுக்கு மீறி இருப்பதால்தான் அந்த மென்பொருள் ‘இல்லை’ என்கிறது.

அந்தக் காலத்து நிரலாளர்கள் நினைவகத்தின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் எண்ணை, அதாவது 0, 1 என்ற இலக்கங்களால் மட்டுமே எழுதும் 32 இலக்க எண்ணைப் பயன்படுத்தினார்கள். 32 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295; பைட் கணக்கில் இது 4 ஜிபிக்கு ஒன்று குறைவு. எண்ணின் முதல் பிட்டைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டால் எல்லை பாதியாகி, 2 ஜிபியோடு நின்றுவிடும். ஐந்து இலக்கம் மட்டுமே உள்ள வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99,999க்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். குறியுள்ள எண்ணாக இருந்தால் பூஜ்யத்துக்குப் பதிலாக எதிர்மறை எண்ணுக்குத் தாவிவிடும் என்பது மட்டுமே வேறுபாடு. பழைய நிரல் ‘ரேம் எவ்வளவு?’ என்று பழைய முறையில் கேட்கும்போது, 4 ஜிபிக்கு மேல் உள்ள கணினியில் விண்டோஸ் சில சமயம் ‘-1’ என்று விடை தரும். சில சமயம் 2 ஜிபி என்று வெட்டிச் சொல்லும். பின்னதோடு நிரல் தன் பங்குக்குப் பேஜ் ஃபைலின் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு) அளவையும் கூட்டினால் எண் எல்லையைத் தாண்டிவிடும். கிடைத்த எதிர்மறை எண் 32 எம்பியைவிடச் சிறியதுதானே! நிரல் தன் கணக்குப்படி சரியாகவே பேசுகிறது.

இதே குழப்பம் டிஸ்க்கிலும் உண்டு என்பதால் அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கில் 200 ஜிபியும் 30 எம்பியும் காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 32 பிட்டில் எண்ணும் பழைய நிறுவல் நிரலுக்கு 4 ஜிபி 4 ஜிபியாகக் கழிந்துபோய் மீதியுள்ள 30 எம்பி மட்டுமே தெரியலாம். 200 எம்பி கேட்கும் அந்த நிரல் ‘இடம் இல்லை’ என்று கைவிரித்துவிடும். அப்போது 1 ஜிபி அளவுள்ள ஒரு கோப்பை வேறு டிரைவுக்கு நகர்த்திவிட்டு மீண்டும் முயலுங்கள். மீதி 1 ஜிபியும் 30 எம்பியும் ஆகிவிடுவதால் நிறுவல் தடையின்றி நடக்கும். மந்திரம் போலத் தோன்றும் இந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது வெறும் வகுத்தல் கணக்குதான்.

ரேம் விஷயத்தில் நீங்கள் செய்ய வேண்டியது இது. நிறுவல் கோப்பின் மீது வலப்பக்கச் சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி என்ற பகுதிக்குச் சென்று, விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி என்பதைத் தேர்ந்தெடுத்து முயன்று பாருங்கள். பழைய நிரல்களுக்காக விண்டோஸுக்குள்ளேயே பல ஒட்டுத் திருத்தங்கள் இருக்கின்றன; ரேம் எவ்வளவு என்று கேட்கும் நிரலிடம் வேண்டுமென்றே சிறிய எண்ணைச் சொல்வதும் அவற்றுள் ஒன்று. எல்லா நிரலுக்கும் இது பலிக்கும் என்று உறுதி கூற முடியாது. பலிக்காவிட்டால் மெய்நிகர் கணினிதான் வழி. அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: விண்டோஸ் 7 உள்ள பழைய கணினியில் 4 ஜிபி ரேமுடன் இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். 8 ஜிபி என்று காட்டினாலும், பயன்படுத்தக்கூடியது 3.2 ஜிபி மட்டுமே என்று பக்கத்தில் போட்டிருக்கிறது. ரேமில் கோளாறா?

பதில்: ரேமில் கோளாறு எதுவும் இல்லை. உங்கள் விண்டோஸ் 32 பிட் பதிப்பு. ரேமின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். அந்தப் பதிப்பு 4 ஜிபி வரையிலான முகவரிகளையே கையாள்கிறது. அந்த 4 ஜிபியும் முழுதாக ரேமுக்குக் கிடைப்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு முதலான கருவிகளுக்கும் அதே வரிசையில் முகவரிகள் ஒதுக்கப்படுவதால், எஞ்சிய 3.2 அல்லது 3.5 ஜிபிதான் ரேமின் பங்காக மிஞ்சுகிறது. நீங்கள் புதிதாகச் சேர்த்த 4 ஜிபி, முகவரியே இல்லாத வீட்டைப் போல யாரும் போகாமல் கிடக்கிறது.

64 பிட் விண்டோஸை நிறுவினால் முழுவதும் கிடைக்கும். ஆனால் 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு இருந்தபடியே மாற வழியில்லை. கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுப் புதிதாகத்தான் நிறுவ வேண்டும். மாறுவதற்கு முன் இரண்டைச் சரிபாருங்கள். பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றுக்கு 64 பிட் டிரைவர் (அந்தக் கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) இருக்கிறதா என்பது முதலாவது. 32 பிட் மென்பொருள்கள் 64 பிட் விண்டோஸில் ஓடும், 32 பிட் டிரைவர்கள் ஓடவே மாட்டா. இரண்டாவது, நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களில் 16 பிட் மென்பொருள் ஏதாவது உண்டா என்பது. அடுத்த கடிதம் அதைப் பற்றியதே.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 1990களில் எழுதப்பட்ட ஒரு டாஸ் நிரல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. புதிய கணினியில் அதைத் திறந்தால் ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது’ என்ற செய்தி வருகிறது. வேறொரு பழைய கணினியில் முயன்றபோது ‘ரன்டைம் எர்ரர் 200’ என்று வந்தது. கம்பாட்டிபிலிட்டியில் எதைத் தேர்ந்தாலும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு வந்தவை இரண்டு வெவ்வேறு நோய்கள். முதலாவது, விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸுக்கு எழுதிய உங்கள் நிரல் போன்ற 16 பிட் நிரலை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை என்பது. 32 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்களுக்கென்றே தனியாக ஒரு பகுதி இருந்தது. ப்ராசஸர், இன்டெல்லின் பழைய 16 பிட் ப்ராசஸரான 8086 போல நடிக்கும் ஒரு நிலையை அது பயன்படுத்திக்கொண்டது. ப்ராசஸர் 64 பிட் நிலைக்கு மாறியதும் அந்த வசதி கிடைக்காமல் போகிறது. ஆகவே 64 பிட் விண்டோஸில் 32 பிட் நிரல்களுக்கான பாலம் மட்டுமே உண்டு, 16 பிட்டுக்கு இல்லை. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருவதால், அதில் டாஸ் நிரல் நேரடியாக ஓட வழியே கிடையாது.

இரண்டாவது நோய் சுவையானது. ‘எர்ரர் 200’ என்பது பூஜ்யத்தால் வகுத்துவிட்டதாகச் சொல்லும் பிழை. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள், திரையைக் கையாளும் ‘சிஆர்டி’ என்ற பகுதியைச் சேர்த்திருந்தால், தொடங்கியவுடன் கணினியின் வேகத்தை அளந்துகொள்ளும். சுமார் 55 மில்லிசெகண்டுக்குள் ஒரு சுற்று எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். சற்றேறக்குறைய 200 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய ப்ராசஸர்களில் அந்த எண்ணிக்கை மிகப் பெரிதாகி, வகுத்து வரும் ஈவு 16 பிட்டுக்குள் அடங்காமல் போய்விடும். ஈவு அடங்காவிட்டாலும் ப்ராசஸர் எழுப்புவது அதே வகுத்தல் பிழையைத்தான். கணினி மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குப் பழகிப்போன நமக்கு, வேகமாக இருப்பதாலேயே விழுந்துவிடும் மென்பொருள் ஒரு வேடிக்கைதான்.

இரண்டுக்கும் சேர்த்து டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அது பழைய கணினி ஒன்றை, ப்ராசஸர் உட்பட, மென்பொருளாலேயே நடித்துக் காட்டுகிறது. வேகத்தையும் நீங்களே குறைத்துக்கொள்ளலாம் என்பதால் எர்ரர் 200 மறைந்துவிடும். ரேமைப் பற்றியும் கவலை வேண்டாம். 8086 கையாளக்கூடிய முகவரிகளே மொத்தம் 1 எம்பிதான். அதிலும் மேற்பகுதி 384 கேபி திரை முதலானவற்றுக்குப் போக, நிரல்களுக்கு 640 கேபிதான் எஞ்சியது. ஒரே எச்சரிக்கை: டாஸ்பாக்ஸின் மூலப் பதிப்பு விளையாட்டுகளுக்காக உருவாக்கப்பட்டது, அச்சிடும் வசதி அதில் இல்லை. அலுவலகப் பயன்பாடு என்பதால், அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸ் உங்களுக்கு ஏற்றது; அதில் அச்சிடலாம்.

கேள்வி: பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் ஒன்று நோட்பேட் போன்ற ஒரு பழைய செயலியில் மட்டும் வேலை செய்கிறது, புதிய வேர்டில் ஆங்கில எழுத்துதான் விழுகிறது. ஏன்?

பதில்: அத்தகைய மென்பொருள்கள், நீங்கள் விசையை அழுத்தும்போது இடைமறிப்பதற்காகத் தங்கள் துணைக்கோப்பு ஒன்றை மற்றச் செயலிகளுக்குள் நுழைக்கின்றன. 32 பிட் துணைக்கோப்பு 64 பிட் செயலிக்குள் நுழைய முடியாது. உங்கள் பழைய செயலி 32 பிட், புதிய வேர்டு 64 பிட் என்பதே காரணம். இதற்காக 32 பிட் வேர்டைத் தேடி நிறுவுவதைவிட, விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகைக்கு மாறிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. விரல்கள் பழகச் சில நாட்கள் பிடிக்கும். ஆனால் யூனிகோடில் அடித்த எழுத்து எங்கே கொண்டு போனாலும் படிக்கக்கூடியதாக இருக்கும்.

கேள்வி: நானும் என் மனைவியும் ஒரே கணினியைத் தனித்தனி பெயரில் பயன்படுத்துகிறோம். பழைய முகவரிப் பதிவேட்டு மென்பொருளில் நான் சேர்க்கும் பதிவுகள் அவர் திறக்கும்போது இருப்பதில்லை. அவர் சேர்ப்பவை எனக்கு வருவதில்லை. மென்பொருள் இருப்பதோ ஒரே ஃபோல்டரில். கோப்பு எப்படி இரண்டாகும்?

பதில்: இந்தக் கேள்வியைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனெனில் இதே காரணத்தால் நானே ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். விண்டோஸ் 98 காலத்தில் மென்பொருள்கள் தங்கள் தரவுக் கோப்பை, தாங்கள் நிறுவப்பட்ட புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரிலேயே எழுதிக்கொண்டன. விஸ்டா முதல், பாதுகாப்பு கருதி, சாதாரண நிலையில் ஓடும் நிரல்கள் அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி மறுக்கப்பட்டது. திடீரென்று மறுத்தால் பழைய மென்பொருள்கள் எல்லாம் படுத்துவிடும் என்பதால், விண்டோஸ் ஒரு தந்திரம் செய்கிறது. ‘எழுதிவிட்டேன்’ என்று மென்பொருளை நம்பவைத்து, கோப்பை ஒவ்வொருவருடைய சொந்தப் பகுதியிலும் ஆப்டேட்டா, லோக்கல் ஆகியவற்றுக்குள் இருக்கும் வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. மென்பொருள் திரும்பப் படிக்கும்போதும் அங்கிருந்தே எடுத்துக் கொடுக்கிறது. ஆக உங்களுக்கு ஒரு பதிவேடு, உங்கள் மனைவிக்கு ஒரு பதிவேடு.

ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால், முதலில் மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைத்துக்கொண்டு இரண்டு கோப்புகளையும் தேடி எடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மென்பொருளை நீக்கிவிட்டு, சி டிரைவில் நேரடியாக ஒரு புதிய ஃபோல்டரை உருவாக்கி, அதில் இருவருக்கும் எழுதும் அனுமதி கொடுத்து, அங்கே நிறுவுங்கள். இரண்டு பதிவேட்டில் எது முழுமையானதோ அதை அங்கே வைத்து, மற்றதில் உள்ளவற்றைக் கையால் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு’ என்பதைத் தேர்ந்தாலும் சிக்கல் தீரும் என்று சிலர் சொல்வார்கள். தீரும்தான், ஆனால் பழைய மென்பொருளுக்குக் கணினி முழுவதன் சாவியையும் கொடுப்பதை நான் விரும்புவதில்லை.

கேள்வி: புதிய கணினி வாங்கப் போகிறேன். 8 ஜிபியா, 16 ஜிபியா?

பதில்: விண்டோஸ் 95க்கு 4 எம்பி போதும் என்றார்கள். 2001இல் எக்ஸ்பி குறைந்தது 64 எம்பி கேட்டது. 2009இல் விண்டோஸ் 7 தன் 32 பிட் பதிப்புக்கு 1 ஜிபி கேட்டது. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. 26 ஆண்டுகளில் 1024 மடங்கு. இவையெல்லாம் இயங்குதளம் எழுந்து நிற்பதற்கான அளவு. அதன்மேல் நீங்கள் வேலை செய்வதற்கான அளவு அன்று.

உங்கள் தேவையை இப்போதைய கணினியே சொல்லும். வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும், பிரவுசரின் அத்தனை டேப்களோடும், ஒருசேரத் திறந்துவைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைப் பாருங்கள். அங்கே ‘கமிட்டட்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது எண் நிரல்களுக்கு விண்டோஸ் வாக்குக் கொடுத்திருக்கும் நினைவகம். அது 6 ஜிபியைச் சுற்றி இருந்தால் 8 ஜிபியில் ஓட்டிவிடலாம். 10, 11 என்று காட்டினால் 16 எடுத்துக்கொள்ளுங்கள். ‘கேஷ்டு’ என்று காட்டும் அளவைக் கண்டு பதற வேண்டாம். அண்மையில் படித்த கோப்புகளை விண்டோஸ் காலியான ரேமில் வைத்திருக்கிறது. நிரல்கள் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

மடிக்கணினியாக இருந்தால் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா, பிறகு சேர்க்க இடம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். பற்றவைத்தது என்றால் தயங்காமல் 16.

கேள்வி: பழைய கணினியிலிருந்து கழற்றிய டிடிஆர்3 ரேமைப் புதிய மதர்போர்டில் போடலாமா?

பதில்: போட முடியாது. டிடிஆர்3, 4, 5 ஒவ்வொன்றிலும் நடுவே உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட். அழுத்திப் பார்த்தால் உடைவது ஸ்லாட்தான்.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்து வேகமாக்கும் மென்பொருள்கள் உண்மையில் பயன் தருமா?

பதில்: தராது. விண்டோஸ் சேர்த்துவைத்த கேஷை அவை துரத்திவிடும். காலி இடம் கூடியதாக எண் காட்டும். அடுத்த நிமிடம் அதே கோப்புகள் டிஸ்க்கிலிருந்து மீண்டும் படிக்கப்படும்.

கேள்வி: மேக் கணினியை மேம்படுத்தியவுடன் பழைய மென்பொருள்களின் மீது குறுக்குக்கோடு விழுந்துவிட்டது. திரும்ப வழி உண்டா?

பதில்: 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு முதல் மேக் 32 பிட் மென்பொருள்களை அடியோடு கைவிட்டது. புதிய ஆப்பிள் சிப் கணினிகளில் உள்ள ரோசெட்டா, இன்டெல்லுக்கான 64 பிட் மென்பொருள்களை மட்டுமே ஓட்டும். உங்களுடையது மொஹாவே பதிப்பை ஏற்கும் பழைய இன்டெல் மேக் என்றால், வெளி டிஸ்க் ஒன்றில் அதை நிறுவி, தேவைப்படும்போது அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம்.

கேள்வி: எக்ஸ்பியில் மட்டும் ஓடும் இரண்டு மென்பொருள்களும், எக்ஸ்பி டிரைவர் மட்டுமே உள்ள ஒரு ஸ்கேனரும் என்னிடம் இருக்கின்றன. மெய்நிகர் கணினியில் ஓட்டலாம் என்கிறார்கள். அதற்கு எவ்வளவு ரேம் வேண்டும்? விண்டோஸ் 98ஐயும் வைக்க ஆசை.

பதில்: மெய்நிகர் கணினி என்பது உங்கள் விண்டோஸுக்குள் ஒரு செயலியாக ஓடும் முழுக் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, அதனுள் எக்ஸ்பியைப் போட வேண்டும். அதற்கு ஒதுக்கும் ரேம், அது ஓடும்வரை, உங்கள் கணினியின் ரேமிலிருந்து கழியும். எக்ஸ்பிக்கு 512 எம்பி கொடுத்தால் இத்தகைய மென்பொருள்களுக்கு ஏராளம். உங்களிடம் 8 ஜிபி இருந்தால் போதும். யூஎஸ்பி ஸ்கேனரை மெய்நிகர் கணினிக்குள் இணைத்துவிட முடியும் என்பதால் பழைய டிரைவரே வேலை செய்யும். உங்கள் மென்பொருள் பிரிண்டர் போர்ட்டில் செருகும் பாதுகாப்புப் பூட்டைக் கேட்பதாக இருந்தால் மட்டும் இந்த வழியை நம்ப வேண்டாம். அதற்குப் பழைய கணினியையே வைத்திருங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே மெய்நிகர் கணினியின் இணைய இணைப்பை அமைப்பிலேயே துண்டித்துவிடுங்கள்.

விண்டோஸ் 98ஐ வைக்கும்போது தாராளம் காட்டாதீர்கள். 512 எம்பிக்கு மேல் ரேம் இருந்தால், கோப்புகளுக்கான கேஷை அது ரேமின் அளவுக்கேற்பப் பெருக்கிக்கொண்டே போய், தனக்குரிய முகவரிகளையெல்லாம் அதிலேயே தீர்த்துவிட்டு, ‘நினைவகம் போதவில்லை’ என்று முறையிடும். முதல் கடிதம் எழுதிய வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 256 எம்பி கொடுங்கள்.